வாசலில் நிற்பவரும் நம் முன்னுரைகளும்

தமிழகக் கத்தோலிக்க ஆலயங்களில் ஞாயிறுதோறும் ஓர் எழுத்து வகை அரங்கேறுகின்றது. அதனை இலக்கியம் என்று எவரும் கருதுவதில்லை. ஆகையால் அதனைத் திறனாய்வு செய்ய வேண்டும் என்றும் எவருக்கும் தோன்றுவதில்லை. முன்னுரை என்பது அதன் பெயர். திருப்பலி தொடங்குமுன் ஒரு முன்னுரை, முதல் வாசகத்திற்கு ஒன்று, இரண்டாம் வாசகத்திற்கு ஒன்று, திருவிழா நாளாயின் காணிக்கைப் பவனிக்கும் ஒன்று. பங்கிலுள்ள ஆசிரியர் ஒருவரோ, அருள்சகோதரி ஒருவரோ, கல்லூரியில் பயிலும் இளைஞர் ஒருவரோ சனிக்கிழமை இரவு அமர்ந்து அதனை எழுதுவர். அல்லது அதற்கென அச்சாகி வரும் நூலிலிருந்து படியெடுப்பர். நம் எழுத்தாளரின் கதையும் கவிதையும் ஓராயிரம் பேரை எட்டினாலே மகிழ்ந்து போகிறோம். முன்னுரையோ ஒரே காலை வேளையில் தமிழ்நாடெங்கும் எண்ணற்ற செவிகளில் விழுகின்றது. இத்துணைப் பெரிய அவையைப் பெற்ற எழுத்தை அளந்து பாராமல் விடுவது முறையன்று.

அளந்து பார்க்கும் எண்ணம் எனக்கு எழுந்த இடம் திருப்பெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடைப்பட்ட தொழிற்சாலைப் பகுதி. ஏரிப் பாசனமும் நெல்லுமாக இருந்த நிலம் அது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் கார்கள் உருவாகத் தொடங்கின. 2006இல் கைபேசித் தொழிற்சாலை வந்து 2014இல் மூடப்பட்டது. 2010இல் ஒரகடத்திலும் கார்கள் உருவாயின. பின்னர் வல்லம் வடகால் வரை தொழிற்பேட்டைகள் விரிந்தன. வேலை தேடி வந்தவர்களுக்கென வயல் வரப்புகளின் மீது விடுதிகள் எழுந்தன. 2002இல் சென்னை மயிலை உயர் மறைமாவட்டத்திலிருந்து பிரிந்து செங்கற்பட்டு மறைமாவட்டம் உருவானபோது இந்தப் பகுதியின் சிற்றூர்ப் பங்குகளும் அதன்கீழ் வந்தன. ஐம்பது அறுபது குடும்பங்கள் மட்டுமே அமர்ந்திருந்த ஆலயங்களின் வாசலில் இன்று யார் யாரோ நிற்கிறார்கள். சில மாதங்கள் அத்தகைய ஆலயம் ஒன்றில் ஞாயிறு வழிபாட்டில் கலந்துகொள்ளும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. அதன் பெயரைச் சொல்ல வேண்டிய தேவையில்லை. நான் கண்டது அதற்கு மட்டும் உரியதன்று.

வாசலில் நிற்பவரை நான் இரு வகையாகப் பிரித்துக்கொண்டேன். முதல் வகையினர் சார்க்கண்டின் சிம்டேகா, கும்லா பகுதிகளிலிருந்தும் ஒடிசாவின் சுந்தர்கர் மாவட்டத்திலிருந்தும் வந்த இளைஞர்கள். இவர்கள் நம்மைக் காட்டிலும் புதியவர்கள் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். 1885இல் பெல்ஜிய நாட்டு இயேசு சபைத் துறவி கான்ஸ்டன்ட் லீவன்ஸ் சோட்டா நாக்பூருக்கு வந்த காலந்தொட்டுத் தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்கராக வாழும் பழங்குடிக் குடும்பங்களின் பிள்ளைகள் அவர்கள். எப்போது எழ வேண்டும், எப்போது முழங்காலிட வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். தமிழ் மட்டும் தெரியாது. இரண்டாம் வகையினர் விழுப்புரம், திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சிப் பக்கத்துப் பெண்கள். கிறித்தவர் அல்லர். விடுதியில் அடுத்த கட்டிலில் படுக்கும் தோழி அழைத்ததால் வந்தவர்கள். அல்லது மனத்தில் ஏதோ பாரம் இருப்பதால் வந்தவர்கள். இவர்களுக்குத் தமிழ் தெரியும். வழிபாட்டின் ஒழுங்கு தெரியாது.

ஒருவருக்கு மொழி இல்லை, ஒழுங்கு உண்டு. மற்றவருக்கு மொழி உண்டு, ஒழுங்கு இல்லை. நம் முன்னுரை இவ்விருவரில் யாருக்கேனும் உதவுகின்றதா என்பதே என் வினா. முன்னுரை விளக்குவதற்காக எழுந்தது. ஆகவே இவ்வினா அதற்கு அநீதி ஆகாது.

பொதுக்காலம் 15ஆம் ஞாயிறு, முதல் ஆண்டு. விதைப்பவர் உவமை வாசிக்கப்படும் நாள். அந்நாளுக்குரிய முன்னுரையின் மாதிரி ஒன்றைத் தருகிறேன். இது எவரும் எழுதியதன்று. நான் கேட்ட பலவற்றின் சாயலில் நானே கட்டியது. "விதைக்கப்படும் இறைவார்த்தை நம் இதய வயல்களில் விழுந்து, முளைத்து, முப்பதும் அறுபதும் நூறுமாய்ப் பலன் தந்திட, பண்பட்ட நிலங்களாய், பாசமிகு பங்குக் குடும்பமாய், பகிர்வின் பலிபீடத்தில் நம்மையே பலிப்பொருளாக்கிட இன்றைய திருவழிபாடு நம்மைப் பரிவோடு அழைக்கின்றது." இதனைக் கேட்டு முகம் சுளிப்பவர் நம்மில் இலர். காதுக்கு இனிமையாக இருக்கின்றது. ஆனால் இதில் வரும் 'பாசமிகு' என்னும் அடைமொழி எதற்காக வந்தது? 'பண்பட்ட' என்பதன் பகரத்திற்காக வந்தது. 'பகிர்வின் பலிபீடம்' எங்கே இருக்கிறது? மோனையில் இருக்கிறது. செய்யுளில் மோனை பொருளைத் தாங்கும் தூண். இங்கே அது பொருள் இல்லாத இடத்தை மறைக்கும் திரை. வாக்கியத்தின் வினைமுற்று வரும் வரைக்கும் யார் யாரை என்ன செய்கிறார் என்பது தெரிவதில்லை. வந்த பின்னரும், ஒரு திருவழிபாடு நம்மை அழைக்கின்றது என்று மட்டுமே தெரிகின்றது. வந்து நிற்பவரை நோக்கி வா என்று அழைப்பதால் என்ன பயன்?

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. விதைப்பவர் உவமையை நாம் ஆண்டாண்டாகக் கேட்டவர்கள். பாறை நிலம் என்றதும் நமக்கு முடிவு தெரிந்துவிடும். அந்த அவையில் அவ்வுவமையை முதன்முறையாகக் கேட்கக் கூடியவர் ஒருவரே. கள்ளக்குறிச்சியிலிருந்து வந்த அந்தப் பெண். அவர் வீட்டில் நிலம் இருந்திருக்கக்கூடும். வழியோரம் சிந்திய விதையைக் காகம் கொத்துவதை அவர் கண்டிருப்பார். நாற்பது பேர் அமர்ந்திருக்கும் அந்த அறையில் இயேசுவின் கதைக்கு இயல்பான கேட்பாளர் அவரே. நற்செய்தி வாசிக்கப்படுவதற்குக் கால் மணி நேரம் முன்பே முன்னுரை கதையின் முடிவை எடுத்துச் சொல்லி, அதற்குப் பொழிப்பும் கூறி, படிப்பினையும் தந்துவிடுகின்றது. கதை சொல்லத் தெரிந்த எந்தப் பாட்டியும் செய்யாத பிழை இது.

முன்னுரை எங்கிருந்து வந்தது என்பதை நினைவுகூர்தல் நலம். திருப்பலி இலத்தீனில் நடந்த நாளில், பலிபீடத்தில் நிகழ்வதை மக்களுக்கு அவர்கள் மொழியில் எடுத்துரைக்க ஒருவர் தேவைப்பட்டார். 1958இல் உரோமைத் திருச்சடங்குப் பேராயம் வெளியிட்ட அறிவுரை அந்த விளக்கவுரையாளருக்கு இடமளித்து, அவர் சொல்வது சுருக்கமாகவும் முன்கூட்டி எழுதப்பட்டதாகவும் இருக்க வேண்டும் என்று வரையறுத்தது. ஐந்தே ஆண்டுகளில், 1963 டிசம்பர் 4ஆம் நாள், இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாடு பற்றிய தன் ஏட்டை வெளியிட்டது. மக்கள் மொழிக்கு வாயில் திறந்தது. அந்த ஏட்டின் 34ஆம் எண், சடங்குகள் உயரிய எளிமையோடு, சுருக்கமாக, தெளிவாக, மக்கள் அறிவுக்கு எட்டுவனவாக, பொதுவாக மிகுந்த விளக்கம் தேவைப்படாதனவாக அமைய வேண்டும் என்கிறது. நாம் என்ன செய்தோம்? இலத்தீன் போயிற்று. இலத்தீனுக்காக வைத்த விளக்கவுரையாளர் மட்டும் இருந்துவிட்டார். விளக்க வேண்டிய பொருள் தமிழாகிவிட்டதால் அவருக்கு வேலை இல்லாமற் போயிற்று. வேலை இல்லாதவர் அலங்காரம் செய்யத் தொடங்கினார். இன்றைய திருப்பலி நூலின் பொது விதிமுறைகளும் விளக்கவுரை நன்கு ஆயத்தம் செய்யப்பட்டு, தெளிவாகவும் சுருக்கமாகவும் இருக்க வேண்டும் என்றே சொல்கின்றன. நாம் முதலாவதை மட்டும் கடைப்பிடிக்கிறோம்.

தமிழ்க் கிறித்தவ உரைநடையின் தொடக்கமே புதியவருக்கானது என்பது நாம் மறந்த செய்தி. 1578இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் அறிஞர் அவைக்கு எழுதப்பட்டதன்று. திருமுழுக்குப் பெற்றும் எதை நம்புகிறோம் என்று அறியாதிருந்த முத்துக்குளித்துறை மக்களுக்காக அண்டிரிக் அடிகளார் ஆக்கித் தந்த சிறு நூல். 1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர், கேட்பவரின் சொற்களை எடுத்துத் தம் சமயத்தைப் பேசினார். வீரமாமுனிவரைச் சற்று நின்று பார்க்க வேண்டும். தேம்பாவணி பாடிய அதே கை பரமார்த்த குரு கதையையும் எழுதிற்று. செந்தமிழுக்கு ஓர் இலக்கணமும், பேச்சுத் தமிழாகிய கொடுந்தமிழுக்குத் தனியே ஓர் இலக்கணமும் இலத்தீன் மொழியில் செய்தார். 1728இல் எழுதப்பட்ட கொடுந்தமிழ் இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியில் அச்சேறிற்று. அச்சிட்டவர்கள், அவர் வாழ்நாளெல்லாம் வாதிட்ட லூத்தரன் சபையார்! எந்தத் தமிழை எங்கே பேச வேண்டும் என்பதை அறிந்தவர் அவர். காவியத்திற்குரிய மொழியை உபதேசியார் வாயில் அவர் வைக்கவில்லை. நம் முன்னுரை எழுதுவோர் வீரமாமுனிவரைப் பாராட்டி விழா எடுக்கின்றனர். அவரது இந்தப் பகுத்தறிவை மட்டும் கைவிட்டனர்.

மொழியைத் தூய்மை செய்ததே குற்றம் என்று சொல்வோரோடு நான் உடன்படவில்லை. 'தேவதிரவிய அனுமானம்' என்ற சொல்லை எவரும் மீட்டுக்கொண்டு வர விரும்பார். 'ஞானஸ்நானம்' என்பதைவிடத் 'திருமுழுக்கு' புதியவருக்கு உடனே புரிகின்றது; நீரில் முழுக்குவது என்று எவரும் ஊகிக்கலாம். 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு நம் வாசகங்களைக் கேட்கத் தக்கனவாக ஆக்கியிருக்கிறது என்பதிலும் ஐயமில்லை. ஆனால் எல்லா இடத்திலும் கணக்கு ஒன்றாக இல்லை. 'பூசை' என்று நம் பாட்டிமார் சொன்ன சொல் எந்தத் தமிழருக்கும் தெரியும். 'திருப்பலி' இறையியல் நோக்கில் செறிவான சொல். அதை நான் விட்டுத்தர மாட்டேன். எனினும், காவல் தெய்வத்தின் முன் கிடா வெட்டுவதையே பலி என்று அறிந்த பெண்ணிடம், 'பலி தொடங்கப் போகிறது, எழுந்து நில்லுங்கள்' என்று ஒலிபெருக்கியில் சொல்லும்போது அவர் உள்ளத்தில் எழும் படம் யாது என்று ஒருவரேனும் கேட்டிருக்கிறோமா? சொல்லை மாற்ற வேண்டியதில்லை. ஒரு வாக்கியத்தில் விளக்கினால் போதும். விளக்கம் தேவைப்படும் இடம் இது. இங்கே முன்னுரை மௌனமாக இருக்கின்றது.

பவுலடியார் கொரிந்தியருக்கு எழுதிய முதல் மடலின் 14ஆம் அதிகாரம் இந்தப் பொருளில் நமக்குக் கிடைத்திருக்கும் முதல் திறனாய்வு. கொரிந்துச் சபையார் பரவசப் பேச்சில் தேர்ந்தவர்கள். பவுல் அவர்களது பக்தியை ஐயுறவில்லை. அவர் கேட்பது வேறு: அறியாதவர் ஒருவர் உள்ளே வந்தால் உங்கள் நன்றியுரைக்கு அவர் எவ்வாறு ஆமென் சொல்வார்? உங்களைப் பித்தர் என்று எண்ணமாட்டாரா? வழிபாட்டின் தரத்தை அளக்கும் கோலை அவர் உள்ளிருப்பவர் கையில் கொடுக்கவில்லை. வாசலில் நிற்பவர் கையில் கொடுத்தார். மொழி அறியாப் பேச்சு என்றால் ஏதோ மலைமேல் ஆவிக்குரிய கூட்டங்களில் நிகழ்வது என்று நாம் கருதிக்கொள்கிறோம். மோனைத் தமிழும் ஒரு வகையில் அதுவே.

இனி, எனக்கு நேர்ந்த ஒன்று. ஒரு ஞாயிறு நற்கருணை வழங்கும் வேளையில் அந்த விடுதிப் பெண்களில் ஒருவர் தோழியைத் தொடர்ந்து வரிசையில் நின்றார். கோயிலில் எல்லாரும் வரிசையில் செல்லும்போது தாமும் செல்வதே மரியாதை என்று வளர்ந்தவர். ஒழுங்கு செய்துகொண்டிருந்த பெரியவர் ஒருவருக்கு ஐயம் எழுந்தது. "ஏம்மா, நீ ஞானஸ்நானம் வாங்கினவளா?" என்று கேட்டார். தீய எண்ணம் அவருக்கு இல்லை, குரல்தான் பெரிது. மூன்று வரிசைகள் திரும்பிப் பார்த்தன. அந்தப் பெண் வரிசையை விட்டு விலகி, செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு, வெளியே புங்கமரத்தடியில் போய் நின்றார். அடுத்த வாரம் வரவில்லை. தோழி மட்டும் வந்தார். நான் அவ்விடத்தில் நான்காம் வரிசையில் அமர்ந்திருந்தேன். எழுந்து போய் அவரிடம் ஒரு சொல் பேசவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அன்றைய முன்னுரைகளை எண்ணிப் பார்த்தேன். நான்கு வாசிக்கப்பட்டன. நற்கருணை என்றால் என்ன, யார் முன்வருவர், மற்றவர் என்ன செய்யலாம் என்பது நான்கிலும் இல்லை. அந்தக் கேள்வியை ஒலிபெருக்கி முன்கூட்டி இதமாகச் சொல்லியிருந்தால் பெரியவர் உரக்கக் கேட்க நேர்ந்திராது.

திருமுழுக்குப் பெறாதவர் நற்கருணையில் பங்குகொள்வதில்லை என்னும் ஒழுங்கை நான் குறைசொல்லவில்லை. அது தொடக்கமுதல் உள்ளது. ஏறத்தாழ கி.பி. 155இல் புனித யுஸ்தீன் உரோமைப் பேரரசருக்கு எழுதிய விளக்கத்தில் இதனைக் கூறுகிறார். அவர் கூறும் முறையைப் பாருங்கள். கிறித்தவர் ஞாயிறன்று ஓரிடத்தில் கூடுகின்றனர், திருத்தூதர் நினைவேடுகளோ இறைவாக்கினர் நூல்களோ நேரம் உள்ளவரை வாசிக்கப்படும், தலைவர் அறிவுரை கூறுவார், எழுந்து மன்றாடுவர், அப்பமும் இரசமும் நீரும் கொண்டுவரப்படும், நம்பித் திருமுழுக்குப் பெற்றவர் உண்பர், வசதியுள்ளவர் கொடுப்பது அனாதைகளுக்கும் கைம்பெண்களுக்கும் நோயுற்றோருக்கும் சிறைப்பட்டோருக்கும் வழிவந்த அயலாருக்கும் செல்லும். ஓர் அடைமொழி இல்லை. கிறித்தவம் உயிருக்கு ஆபத்தான சமயமாக இருந்த நாளில், அதனை அறியாத ஓர் அரசருக்கு, இவ்வளவு நேராக ஒருவரால் எழுத முடிந்திருக்கிறது. முன்னுரை என்னும் இலக்கிய வகைக்கு இலக்கணம் வகுக்க வேண்டுமாயின் அதற்குரிய இலக்கியம் இதுவே. விலக்கையும் அவர் ஒளிக்கவில்லை, வரவேற்பையும் ஒளிக்கவில்லை. இரண்டையும் ஒரே குரலில் சொல்கிறார். பண்டைத் திருச்சபை திருமுழுக்குக்கு ஆயத்தமாவோரை நற்கருணைக்கு முன் வெளியே அனுப்பியதும் உண்டு. அவர்களுக்காக மன்றாடிய பின் அனுப்பியது. பெரியவர் வளர்ந்தோருக்கான புகுமுகச் சடங்கு நூல் 1972இல் வெளிவந்தபோது அவ்வழக்கத்திற்கு மீண்டும் இடம் கிடைத்தது. வேறு நாடுகள் சிலவற்றில், நற்கருணை பெறாதவரும் மார்பில் கைகளைக் குறுக்காக வைத்து வரிசையில் வந்து ஆசி பெற்றுச் செல்கின்றனர். அது நமக்கு ஏற்குமா என்பதை ஆயர்கள் ஆராயட்டும். வரிசையில் நிற்பது தவறன்று என்று கருதும் மக்களிடையே அது வேரூன்றக்கூடும் என்பது என் கருத்து.

மறைத்து வைப்பதா, உரக்கச் சொல்வதா என்னும் இந்த வழக்கு திருப்பெரும்புதூர் மண்ணுக்குப் புதிதன்று. 1017இல் அவ்வூரில் பிறந்த இராமானுசர், குருவிடம் பெற்ற மறைமொழியைத் திருக்கோட்டியூர்க் கோபுரத்தின் மீதேறி எல்லாருக்கும் கேட்கச் சொன்னார் என்று வைணவ மரபு போற்றுகின்றது. அவ்வூர்வழியே ஞாயிறன்று ஆலயத்திற்குச் செல்லும் நாம் ஒலிபெருக்கியும் வைத்திருக்கிறோம், மறைமொழியும் வைத்திருக்கிறோம்.

சார்க்கண்டு இளைஞருக்கு வருவோம். அவருக்கு வேண்டியது விளக்கமன்று. திருப்பலியின் ஒழுங்கே அவருக்கு ஊர். 'தூயவர்' பாடல் தொடங்கும்போது மொழி புரியாமலே அவர் எங்கே இருக்கிறார் என்று அவருக்குத் தெரிகின்றது. நாம் சேர்த்து வைக்கும் முன்னுரைகளும் அறிவிப்புகளுமே அவரை அயலாராக்குகின்றன. திருப்பலி முடிந்த பின் இருபது நிமிடம் அறிவிப்பு வாசிக்கும் பங்குகளை நான் அறிவேன். அதில் கல்லறைச் சீட்டு முதல் சந்தா பாக்கி வரை அடங்கும். இவருக்கு நாம் செய்யக்கூடிய பேருதவி செலவற்றது. உலகெங்கும் இலத்தீன் முறைத் திருச்சபையில் அன்று வாசிக்கப்படும் வாசகங்கள் ஒன்றே. சிம்டேகாவில் அவர் தாய் கேட்கும் அதே பகுதியை இங்கே அவர் தமிழில் கேட்கிறார். கேட்கிறார் என்பதே அவருக்குத் தெரியாது. நம் வாசகர் 'எசாயா நூலிலிருந்து வாசகம்' என்று மட்டும் சொல்வார்; அதிகாரமும் வசனமும் சொல்லும் வழக்கமில்லை. வாசலில் ஒரு கரும்பலகை. அதில் எண்கள்: எசாயா 55:10-11, உரோமையர் 8:18-23, மத்தேயு 13:1-23. நூலின் பெயரை இந்தி எழுத்திலும் யாரேனும் ஒருவர் எழுதிவிடலாம். அவர் கைபேசியில் இந்தி விவிலியம் இருக்கின்றது. வேளாங்கண்ணியில் திருவிழா நாள்களில் மலையாளம், தெலுங்கு, இந்தி, கொங்கணி, மராத்தி என்று திருப்பலிகள் நிகழ்வதைப் பெருமையோடு பேசுகிறோம். பத்து நாள் திருப்பயணிக்குச் செய்வதைப் பத்து ஆண்டு உழைப்பவருக்குச் செய்யத் தயங்குவானேன்?

மன்றாட்டுகளையும் இங்கேயே தொட்டுச் செல்கிறேன். திருச்சபை, உலகம், துன்புறுவோர், தல சமூகம் என்ற வரிசை விதிமுறையிலேயே உள்ளது. அச்சு நூலிலிருந்து வாசிப்பதால் நான்காவது மன்றாட்டு எந்தத் தலத்தையும் சாராமல் காற்றில் நிற்கின்றது. 2021 டிசம்பரில், விடுதி உணவால் தோழியர் நோயுற்றதை அடுத்து, பெண் தொழிலாளர்கள் சென்னை பெங்களூரு நெடுஞ்சாலையில் இரவெல்லாம் அமர்ந்தனர். 2024 செப்டம்பரில் சுங்குவார்சத்திரத்தில் தொடங்கிய வேலைநிறுத்தம் ஒரு மாதத்தைக் கடந்து நீடித்தது. நிலம் இதுவாக இருக்க, 'எம் பங்கு மக்கள் அனைவரும் ஒற்றுமையில் வளர' என்று மன்றாடுவது தவறன்று. யாரையும் குறிக்காத மன்றாட்டு என்று மட்டும் சொல்லலாம். இரவு ஷிப்டு முடித்துக் கம்பெனிப் பேருந்திலிருந்து நேரே ஆலயத்திற்கு வந்து, தூணில் சாய்ந்து கண் அயர்பவர் தம் பெயர் இல்லாவிடினும் தம் ஷிப்டின் பெயரையாவது கேட்க வேண்டும்.

கண் அயர்பவர் என்றதும் புனித அகுஸ்தீன் நினைவுக்கு வருகிறார். கார்த்தேஜ் நகரத் திருத்தொண்டர் தெயோகிராசியாஸ், புதியவருக்குப் போதிக்கையில் தம் பேச்சு தமக்கே சலிப்பூட்டுகிறது என்று எழுதிக் கேட்க, ஏறத்தாழ கி.பி. 400இல் அகுஸ்தீன் அவருக்கு ஒரு நூலையே விடையாக எழுதினார். அதில் உயர்ந்த இறையியல் நடுவே எளிய குறிப்பு ஒன்று: கேட்பவர் நின்று களைத்திருந்தால் அவருக்கு இருக்கை கொடு. கடலுக்கு அப்பாலுள்ள சில ஆலயங்களில் மக்கள் அமர இடமிருக்கிறது, அது நல்ல வழக்கம் என்றும் சேர்க்கிறார். மறைக்கல்வியின் மாபெரும் ஆசான் நாற்காலியைப் பற்றி எழுதுவதற்கு வெட்கப்படவில்லை.

நம்மிடம் நாற்காலி உண்டு; யாருடையது என்பதும் உண்டு. குடும்ப அட்டை வைத்திருப்போர், சந்தா கட்டுவோர், அன்பியத்தில் பெயருள்ளோர் என்ற வட்டங்களுக்கு வெளியே விடுதி நிற்கின்றது. அன்பியம் தெருவைக் கொண்டு பிரிக்கப்பட்டது. விடுதிக்குத் தெரு இல்லை. தென்மாவட்டத்திலிருந்து வரும் கத்தோலிக்க இளைஞரிடம் நாம் கேட்கும் முதல் கேள்வியோ, 'எந்த ஊர்? எந்தத் தெரு?' இது அன்பின் விசாரிப்பு என்று நம்ப விரும்புகிறேன். அவ்விளைஞருக்கு அது எதைத் தேடும் கேள்வி என்பது தெரியும். வடக்கன்குளத்தில் சாதிக்கொரு பக்கமாக ஆலயத்தைப் பிரித்த சுவர் 1910இல் இடிக்கப்பட்டது. அதை மீட்க உயர் நீதிமன்றம் வரை சென்றனர், வெல்லவில்லை. கல்லால் கட்டிய சுவர் அது. சொல்லால் கட்டியது இடிபட்டதாக நான் கேள்விப்படவில்லை.

மறுப்பு ஒன்றை எதிர்பார்க்கிறேன். திருவழிபாடு மறைபொருள், எல்லாவற்றையும் விளக்கிவிட்டால் அது வகுப்பறை ஆகிவிடாதா? ஆகிவிடும். ஆகையால்தான் நான்கு முன்னுரைகள் கூடாது என்கிறேன். குத்துவிளக்கு ஏற்றுவதை எவரும் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. 1969இல் உரோமை இசைவளித்த பன்னிரு தழுவல்களில் விளக்கும் கைகூப்புதலும் இடம்பெற்றபோது, அருள்பணி அமலோர்பவதாஸ் போன்றோர் இதையே எண்ணினர். அவை மேல்சாதிக் கோயில் மரபையே இந்தியப் பண்பாடு என்று கொண்டன என்னும் தலித் இறையியலாரின் குறையும் நியாயமானது. எனினும் சடங்கு தானே பேச வேண்டும் என்ற அடிப்படையில் அவர்களும் இவர்களும் வேறுபடவில்லை. சடங்கு பேசுவதற்கு நாம் சற்று நேரம் வாய் மூடியிருக்க வேண்டும். அப்பம் உயர்த்தப்படும்போதும் ஒலிபெருக்கியில் பக்திச் சொற்கள் ஒலிக்கும் ஆலயங்கள் உள்ளன. அங்கே மறைபொருளைக் காப்பவர் யார் என்று எனக்கு விளங்கவில்லை.

குறைகூறுபவர் தாமே எழுதிப் பார்க்க வேண்டும் என்பது நேர்மை. பங்குத்தந்தையின் இசைவோடு ஒரு ஞாயிறுக்கு எழுதிக் கொடுத்தேன். கல்லூரி மாணவி ஒருவர் வாசித்தார். "வணக்கம். இன்று இங்கே முதன்முறையாக வந்திருப்பவர்களை மகிழ்வோடு வரவேற்கிறோம். கடவுளின் சொல்லைக் கேட்கவும், இயேசு தம் சீடரோடு கடைசியாக உண்ட உணவை நினைவுகூர்ந்து நன்றி செலுத்தவும் கூடியிருக்கிறோம். மற்றவர் எழும்போது நீங்களும் எழலாம். அமர்ந்தே இருந்தாலும் தவறில்லை. இறுதியில் நற்கருணை வழங்கப்படும்போது திருமுழுக்குப் பெற்ற கத்தோலிக்கர் முன்செல்வர். மற்றவர்கள் இருக்கும் இடத்திலிருந்தே உங்கள் மனத்தில் உள்ளதைக் கடவுளிடம் சொல்லுங்கள். நாங்களும் உங்களுக்காகச் சொல்வோம். முடிந்ததும் புங்கமரத்தடியில் தேநீர் இருக்கிறது." அதன்பின் சுந்தர்கர் இளைஞர் ஒருவர் ஒலிபெருக்கியருகே வந்து, இதனையே இந்தியில் இரண்டு வாக்கியமாகச் சொன்னார். அவர் குரல் நடுங்கிற்று. வாசகங்களுக்கு முன்னுரை வாசிக்கவில்லை.

தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது பாடகர் குழுவின் மூத்தவர் என்னிடம் வந்தார். வழிபாடு நன்றாக இருந்தது என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "என்ன சார், இன்றைக்கு முன்னுரையே வாசிக்கவில்லையே, எழுத ஆள் கிடைக்கவில்லையா?" என்று கேட்டார்.